ஹாசெம் எல் மஸ்ரி: விங்கரும் உதைப்பவரும்

ஹாசெம் எல் மஸ்ரி (பிறப்பு: ஏப்ரல் 1, 1976) லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ரக்பி லீக் ஆட்டக்காரர். 1996 முதல் 2009 வரை சிட்னியின் காண்டர்பரி-பேங்க்ஸ்டவுன் புல்டாக்ஸ் கிளப்புக்காக விங்கராக ஆடினார். 317 ஆட்டங்களில் 159 ட்ரைகளும் 891 கோல்களும் பெற்று 2418 புள்ளிகள் சேர்த்தார். அவர் ஓய்வுபெற்றபோது ஆஸ்திரேலிய முதல்தர ரக்பி லீக்கில் அதுவே மிக உயர்ந்த புள்ளிக்கணக்கு. 2019-ல் மெல்பர்ன் ஸ்டார்ம் அணியின் கேமரன் ஸ்மித் அதைக் கடந்தார். ரசிகர்கள் எல் மஸ்ரியை 'எல் மேஜிக்' என்று அழைத்தனர்.

எல் மஸ்ரியைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் 2418 என்ற எண்ணில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. அந்த எண் முறியடிக்கப்பட்டபின் அவருடைய இடம் என்ன என்ற கேள்வி எழுகிறது. முறியடிக்கப்பட்ட சாதனைக்காரர்களின் வரிசையில் ஒருவராக அவரை வைத்துவிடலாமா? அப்படி வைப்பது தவறு. 2418 என்பது ஒருவர் செய்த ஒரு வேலையின் தொகை அல்ல. விங்கரின் வேலை, கோல் உதைப்பவரின் வேலை என்ற இரண்டின் கூட்டுத்தொகை அது. கூட்டிச் சொல்லும்போது இரண்டுமே மறைந்துபோகின்றன.

ஆட்டமும் புள்ளிகளும்

ரக்பி என்ற பெயரில் இரண்டு ஆட்டங்கள் உள்ளன. 1895-ல் வட இங்கிலாந்தின் கிளப்கள், வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளர்களுக்கு இழந்த கூலியை ஈடுசெய்வது பற்றிய சண்டையில் தாய் அமைப்பிலிருந்து பிரிந்தன. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்தது ரக்பி லீக். பழைய ஆட்டம் ரக்பி யூனியன். சிட்னியில் 1908 முதல் ரக்பி லீக் போட்டி நடந்துவருகிறது. உழைக்கும் மக்களின் ஆட்டம் என்ற பெயர் அங்கும் அதற்கு உண்டு. காண்டர்பரி கிளப் 1935-ல் இந்தப் போட்டியில் சேர்ந்தது.

அணிக்கு 13 பேர். பந்தை வைத்திருக்கும் அணி ஆறுமுறை பிடிபடலாம். ஆறாவது முறைக்குப் பின் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் ட்ரை கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் ட்ரை. அதற்கு 4 புள்ளிகள். ட்ரை எடுத்த அணிக்குப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே உதைக்க ஒரு வாய்ப்பு தரப்படும். அது கன்வர்ஷன், 2 புள்ளிகள். எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டியையும் கம்பத்தை நோக்கி உதைத்து 2 புள்ளிகள் பெறலாம். இவ்விரண்டும் சேர்ந்தே 'கோல்' எனக் கணக்கிடப்படுகின்றன. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விட்டு உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல் தனி. எல் மஸ்ரியின் காலத்தில் அதற்கு 1 புள்ளி. அவர் அதில் ஒன்றுகூட எடுக்கவில்லை. அது ஆட்டத்தை நடத்தும் நடுக்களத்து வீரர்களின் வேலை.

விங்கர் களத்தின் ஓரக்கோட்டை ஒட்டி நிற்பவர். நடுவிலிருந்து கைமாறிக் கைமாறி வரும் பந்து கடைசியாக அவரிடம் சேரும். அவருக்கு ஒரு பக்கம் எதிரணியின் ஆள், மறுபக்கம் கோடு. கோட்டை மிதித்தால் பந்து போய்விடும். ஆகவே விங்கரின் ட்ரைகள் பெரும்பாலும் மூலையில் விழுகின்றன. எல் மஸ்ரியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி முக்கியம்.

மூலையும் கம்பமும்

கன்வர்ஷனை எங்கிருந்து வேண்டுமானாலும் உதைக்க முடியாது. பந்து எந்த இடத்தில் பதிக்கப்பட்டதோ, அதற்கு நேராகப் பின்னால் வந்துதான் உதைக்கவேண்டும். எவ்வளவு தூரம் பின்னால் வருவது என்பது உதைப்பவரின் விருப்பம். கம்பங்களுக்கு அடியில் ட்ரை எடுத்தால் கன்வர்ஷன் எளிது. மூலையில் எடுத்தால் அது களத்திலேயே கடினமான உதை.

எவ்வளவு கடினம் என்பதைப் பள்ளிக்கூட வடிவியலைக் கொண்டே சொல்லிவிடலாம். ரக்பி லீக் களத்தின் அகலம் 68 மீட்டர். கம்பங்களின் இடைவெளி 5.5 மீட்டர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 3 மீட்டர். நேர் எதிரே 20 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கம்பங்களுக்கு இடையிலான கோணம் 15 பாகைக்கும் மேல். ஓரக்கோட்டில் நின்று 30 மீட்டர் பின்னால் வந்தால் கம்பத்துக்குத் தூரம் சுமார் 45 மீட்டர், கோணம் 5 பாகைக்கும் குறைவு. சாய்வாகப் பார்ப்பதால் 5.5 மீட்டர் இடைவெளி கண்ணுக்கு ஏறத்தாழ 3.6 மீட்டராகச் சுருங்கிவிடும். முன்னால் போய் 20 மீட்டரில் நின்றால் தூரம் குறையும், இடைவெளியோ 2.8 மீட்டராக இன்னும் சுருங்கும். பின்னால் போனால் இடைவெளி விரியும், தூரம் கூடும். உதைப்பவர் இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளவேண்டும்.

மற்றவர் மூலையில் எடுத்த ட்ரைக்கு இந்த உதையை உதைப்பது ஒரு வகை. தானே மூலையில் பாய்ந்து, ஆட்கள் மேலே விழ, பந்தைப் பதித்து, எழுந்து, மூச்சு அடங்குமுன் அதே ஓரக்கோட்டில் பின்னால் நடந்து வந்து உதைப்பது வேறு. கோல் உதைக்கும் விங்கர் தனக்குத் தானே மிகக் கடினமான கணக்கைப் போட்டுக்கொள்பவர். அவர் நன்றாக ஆடும் ஒவ்வொரு முறையும் அவருடைய அடுத்த வேலை கடினமாகிறது. கம்பத்துக்குக் கீழே பந்தைப் பதித்து இரண்டடி நடந்து உதைக்கும் வசதி அவருக்கு எப்போதாவதுதான் வாய்க்கும்.

எல் மஸ்ரி தன் ஆட்டவாழ்வில் எடுத்த முயற்சிகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் கோலாக்கினார். உதைப்பவர்களின் விழுக்காட்டை மட்டும் பட்டியலிடும்போது எந்த இடத்திலிருந்து உதைத்தார் என்பது தெரிவதில்லை. அந்தக் குறை பட்டியலின் குறை.

திரிப்போலியிலிருந்து பெல்மோருக்கு

எல் மஸ்ரி பிறந்த திரிப்போலி லெபனானின் வடக்கே உள்ள கடற்கரை நகரம். (லிபியாவின் தலைநகருக்கும் இதே பெயர் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு.) லெபனானின் உள்நாட்டுப் போர் 1975-ல் தொடங்கி 1990 வரை நீண்டது. எல் மஸ்ரியின் பிள்ளைப்பருவம் முழுவதும் அதற்குள் அடங்கும். 1988-ல் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. சிட்னியின் தென்மேற்கில் லக்கெம்பா, பெல்மோர், பேங்க்ஸ்டவுன் பகுதிகள் லெபனானியர் அடர்ந்து வாழும் இடங்கள். புல்டாக்ஸ் கிளப்பின் பழைய மைதானமும் பெல்மோரில்தான் இருக்கிறது. வீட்டுக்கருகே இருந்த ஆட்டத்தில் பையன் போய்ச் சேர்ந்தான் என்றே சொல்லவேண்டும். கால்பந்து தெரிந்த பையன் ரக்பி லீக்கை ஆஸ்திரேலியாவுக்கு வந்தபின்தான் கற்றான்.

ரக்பி லீக்கில் பெயர்பெற்றவர்கள் பெரும்பாலும் நான்கைந்து வயதிலேயே அந்தப் பந்தைத் தொட்டவர்கள். பிந்தி வந்தவருக்கு எளிதில் கொடுக்கப்படும் இடம் ஓரம். ஆட்டத்தின் நுட்பங்கள் நடுவில் நடக்கின்றன, ஓரத்தில் வேகமும் கையும் போதும் என்பது பயிற்சியாளர்களின் பழைய நம்பிக்கை. காலால் பந்தைக் கையாளும் பழக்கம் அவருக்குக் கால்பந்திலிருந்து வந்தது என ஊகிக்க இடமுண்டு. ஆனால் முட்டை வடிவப் பந்தைச் சிறு தாங்கியில் நிறுத்தி உதைப்பது வேறு கலை. அதை அவர் ஒருவரிடமிருந்து கற்றார்.

ஹாலிகனுக்குப் பின்

எல் மஸ்ரி 1996-ல் முதல்தர ஆட்டத்துக்கு வந்தபோது அணியில் கோல் உதைப்பவர் டேரில் ஹாலிகன். நியூசிலாந்துக்காரர். அவரும் விங்கர். ரக்பி யூனியனிலிருந்து 1991-ல் நார்த் சிட்னி கிளப்புக்கு வந்து, 1994-ல் காண்டர்பரிக்கு மாறியவர். 2000-ல் ஓய்வுபெற்றபோது 230 ஆட்டங்களில் 2034 புள்ளிகள் எடுத்திருந்தார். அன்றைக்கு அதுவே சாதனை.

ஹாலிகனின் உதை என்ன செய்யும் என்பதைக் காட்ட 1998-ன் அரையிறுதி நிலை ஆட்டம் ஒன்று போதும். பாரமட்டா அணிக்கு எதிராக புல்டாக்ஸ் 2-18 எனப் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியச் சுமார் பத்து நிமிடங்களே இருந்தன. அந்தப் பத்து நிமிடங்களில் மூன்று ட்ரைகள் வந்தன. ஹாலிகன் ஓரக்கோட்டருகிலிருந்து உதைத்த கன்வர்ஷன்களால் கணக்கு 18-18 ஆனது. கூடுதல் நேரத்தில் புல்டாக்ஸ் 32-20 என வென்றது. புல்டாக்ஸ் ரசிகர்கள் இன்றும் பேசும் ஆட்டம் அது.

ஹாலிகன் இருந்தவரை முதல் உதைப்பவர் அவர்தான். எல் மஸ்ரி தன் ஆட்டவாழ்வின் முதல் ஐந்து பருவங்களில் பெரும்பாலும் ட்ரை எடுக்கும் விங்கராகவே இருந்தார். ஹாலிகன் அவருக்கு உதைப்பதில் வழிகாட்டினார், பின்னர் பயிற்சியும் அளித்தார். 2001-ல் அந்தப் பொறுப்பு எல் மஸ்ரியின் காலுக்கு வந்தது. ஒரே கிளப்பில் ஒரு விங்கரிடமிருந்து இன்னொரு விங்கருக்கு உதை கைமாறி, இருவருமே ஆட்டத்தின் மொத்தச் சாதனையை எட்டியது அரிய நிகழ்வு. எல் மஸ்ரியின் சாதனையை அவருடைய தனித்திறமையாக மட்டும் எழுதுபவர்கள் இந்தக் குருகுலத்தை விட்டுவிடுகிறார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. எல் மஸ்ரிக்கு முதலிலேயே உதை கிடைத்திருந்தால் அவர் வேறு ஆட்டக்காரராக ஆகியிருப்பார். கோல் உதைப்பவருக்கு அணியில் இடம் எளிதில் போவதில்லை. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஐந்து பருவங்கள் பந்தைப் பிடித்தும் ஓடியும் ட்ரை எடுத்தும்தான் அவர் தன் இடத்தைக் காத்தார். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. அவர் நல்ல விங்கராகிப் பிறகு உதைப்பவரானவர். வரிசை முக்கியம்.

2002 முதல் 2004 வரை

2002-ல் புல்டாக்ஸ் தொடர்ந்து 17 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் இருந்தது. ஆகஸ்டில் கிளப் ஊதிய உச்சவரம்பை மீறி வீரர்களுக்குப் பணம் தந்திருந்தது வெளியானது. தண்டனையாக 37 புள்ளிகள் கழிக்கப்பட்டன. முதலிடத்தில் இருந்த அணி கடைசி இடத்தில் பருவத்தை முடித்தது. ஆடியவர்களின் ஆட்டத்தில் குறை இல்லை, கணக்குப் புத்தகத்தில்தான் குறை. ஆனாலும் அந்த ஆண்டு ஆடிய ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அந்தக் கடைசி இடம் நிற்கிறது.

இரண்டு ஆண்டுகளில் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபோக்ஸின் கீழ் அதே கிளப் இறுதிப் போட்டிக்கு வந்தது. 2004 அக்டோபர் 3 அன்று சிட்னி ரூஸ்டர்ஸுக்கு எதிரான ஆட்டம். அணித்தலைவர் ஸ்டீவ் பிரைஸ் காயத்தால் ஆடவில்லை. இடைவேளையில் ரூஸ்டர்ஸ் 13-6 என முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் அதனால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. புல்டாக்ஸ் 16-13 என வென்றது. கடைசி நொடிகளில் ட்ரையை நோக்கி ஓடிய மைக்கேல் குரோக்கரை ஆண்ட்ரூ ரயன் பாய்ந்து காலைப் பிடித்து வீழ்த்திய காட்சியே அந்த ஆட்டத்தின் நினைவாக நிலைத்துவிட்டது. அது நியாயமே.

ஆனால் அந்த 16 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மூன்று ட்ரைகள், இரண்டு கன்வர்ஷன்கள். ட்ரைகளில் இரண்டு மறு ஓரத்து விங்கர் மாட் உடாய் எடுத்தவை. ஒன்று எல் மஸ்ரியுடையது. கன்வர்ஷன்கள் இரண்டும் எல் மஸ்ரியுடையவை. அதாவது அணியின் எல்லாப் புள்ளிகளையும் இரண்டு விங்கர்களே எடுத்தனர், ஆளுக்கு எட்டு. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் முன்வரிசை வீரர் வில்லி மேசனுக்குப் போனது. முன்வரிசை இடித்துத் திறக்காமல் ஓரத்துக்குப் பந்து வராது என்பது உண்மை. அதைச் சொல்லும் விமர்சகர்கள், ஓரத்தில் முடிப்பவர் இல்லாவிட்டால் இடித்துத் திறந்தது வீண் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எல் மஸ்ரி வென்ற ஒரே கோப்பை இது.

342-ம் அதன் மறுபக்கமும்

2004 பருவத்தில் எல் மஸ்ரி 16 ட்ரைகளும் 139 கோல்களும் எடுத்தார். மொத்தம் 342 புள்ளிகள். ஒரே பருவத்தில் அதற்குமுன் எவரும் இவ்வளவு எடுத்ததில்லை. இதை அவருடைய உச்சம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது.

இங்கே சற்று நிதானிக்கவேண்டும். 342-ல் 278 புள்ளிகள் உதையிலிருந்து வந்தவை. கன்வர்ஷன் உதைக்க யாராவது ட்ரை எடுத்திருக்கவேண்டும். ஆக 139 கோல்கள் என்பதில் உதைப்பவரின் துல்லியம் பாதி என்றால், அந்த ஆண்டு புல்டாக்ஸ் அணி எத்தனை ட்ரைகள் குவித்தது என்பது மறுபாதி. பலவீனமான அணியில் இதே கால் இதே துல்லியத்தோடு உதைத்திருந்தால் எண் இதில் பாதிகூட வந்திருக்காது. பருவச் சாதனை என்பது எப்போதும் அணியின் சாதனையில் ஒருவர் இட்ட கையெழுத்து. 342-ல் ட்ரைகளின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அவரைத் தனித்துக் காட்டும் குணம் அவருடைய மிகப் பெரிய எண்ணில்தான் மிகக் குறைவாகத் தெரிகிறது.

மொத்தக் கணக்கில் அது தெளிவாகிறது. 159 ட்ரைகள் என்றால் 636 புள்ளிகள். 891 கோல்கள் என்றால் 1782 புள்ளிகள். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேல் ட்ரைகளால் வந்தது. இதையே மற்றவர்களிடம் பார்க்கலாம். 2009-ன் தொடக்கத்தில் எல் மஸ்ரி முறியடித்தது நியூகாசில் நைட்ஸ் அணியின் ஆண்ட்ரூ ஜான்ஸின் சாதனையை. ஜான்ஸ் 249 ஆட்டங்களில் 80 ட்ரைகளோடு 2176 புள்ளிகள் எடுத்தவர். அவரிடம் ட்ரைகளின் பங்கு ஏறத்தாழ ஏழில் ஒன்று. எல் மஸ்ரியை முந்திய ஸ்மித் 430 ஆட்டங்களில் 48 ட்ரைகளோடு 2786 புள்ளிகள் எடுத்தார். அவரிடம் அது பதினான்கில் ஒன்று.

இதற்கு நேர்மையான எதிர்வாதமும் உண்டு. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்தால் எல் மஸ்ரி முதலிடத்தில் இல்லை. ஹாலிகன் 8.8, ஜான்ஸ் 8.7, எல் மஸ்ரி 7.6, ஸ்மித் 6.5. ஜான்ஸ் அணியை நடத்திய ஹாஃப்பேக். ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையிலிருந்து புறப்பட்டது. ஸ்மித் ஹூக்கர், ஒவ்வொரு டேக்கிளுக்குப் பின்னும் பந்தைத் தொட்டவர். இவர்களுடைய பெருமையில் புள்ளிகள் ஓர் உபரி வரவு. எல் மஸ்ரி ஆட்டத்தை நடத்தியவர் அல்ல. மற்றவர்கள் நடத்திய ஆட்டத்தை ஓரத்தில் முடித்தவர். அந்தத் தரவரிசையில் அவரை ஜான்ஸுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் சராசரிக்கணக்கும் முழுமையானதல்ல. உதை கையில் இல்லாத முதல் ஐந்து பருவங்களும் சேர்ந்துதான் 7.6. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு ட்ரை என்ற விகிதத்தைப் பதினான்கு பருவங்கள் காத்துக்கொண்டு, அதற்கு மேல் 891 கோல்களும் எடுத்தவர் என்று சொன்னால்தான் அவருடைய இடம் விளங்கும். புல்டாக்ஸ் கிளப்பில் மிக அதிக ஆட்டங்கள், மிக அதிக ட்ரைகள், மிக அதிகப் புள்ளிகள் ஆகிய மூன்றும் ஒருவர் பெயரிலேயே இருக்கின்றன. முதலாவது நிலைத்து நிற்பதன் அளவு, இரண்டாவது ஓட்டத்தின் அளவு, மூன்றாவது உதையின் அளவு. இவற்றில் ஒன்று மற்றொன்றைக் கொடுத்துவிடாது.

தேர்வாளர்களின் கண்

இத்தகைய ஆட்டக்காரர் ஆஸ்திரேலியாவுக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், 2002-ல் நியூசிலாந்துக்கு எதிராக. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்காக ஒரே ஒரு ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டம், 2007-ல். அப்போது அவருக்கு 31 வயது. அந்தத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் குயின்ஸ்லாந்து வென்றுவிட்டிருந்தது. தொடர் போனபின் நடந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் அவரை அழைத்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் 18-4 என வென்றது.

காரணங்கள் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டுகளில் மாநில, தேசிய அணிகளில் உதைக்க ஜான்ஸும் கிரெய்க் ஃபிட்ஸ்கிப்பனும் இருந்தனர். உதைக்காக ஒரு விங்கரைத் தேடவேண்டிய தேவை தேர்வாளர்களுக்கு எழவில்லை. விங்கரைப் பற்றிய எண்ணமும் அப்போது மாறியிருந்தது. வெண்டல் செய்லர், லோட்டே டுகிரி போன்ற பெரிய உடல்காரர்கள் சொந்தப் பாதியிலிருந்து முட்டி முன்னேறுவதே விங்கரின் முதல் வேலை என்றானது. எல் மஸ்ரி அந்த அச்சில் வார்த்தவர் அல்ல. ஒல்லியான உடல், சரியான இடத்தில் நிற்கும் பழக்கம், பிழையில்லாத கை ஆகியவை அவருடைய மூலதனம். இவை நாளிதழ்த் தலைப்புகளில் வருவதில்லை.

ஒவ்வொரு காரணமும் தனித்தனியே நியாயம்தான். விங்கர் இடத்துக்குப் பார்க்கும்போது அவரைவிடப் பெரியவர்கள் இருந்தார்கள். உதைக்குப் பார்க்கும்போது ஏற்கெனவே உதைப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் இரண்டு வேலைகளையும் ஒருவரே செய்யும்போது அணியில் ஓர் இடம் மிச்சமாகிறது என்பதைத் தேர்வாளர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

லெபனான்

2000-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் எல் மஸ்ரி லெபனானுக்காக ஆடினார். லெபனானுக்கு அதுவே முதல் உலகக் கோப்பை. சிட்னியின் குடியேறிய குடும்பங்களிலிருந்து வந்தவர்களே பெரும்பாலும் அணியில் இருந்தனர். முதல் ஆட்டத்தில் நியூசிலாந்திடம் 0-64 எனத் தோற்றனர். வேல்ஸிடம் 22-24 என இரண்டே புள்ளிகளில் தோற்றனர். குக் தீவுகளுடன் 22-22 எனச் சமன் செய்தனர். கோப்பைக் கணக்கில் இதற்கு இடமில்லை. அவ்வளவு பெரிய தோல்விக்குப் பின் அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஓர் அணி இப்படி நின்றது என்பதைக் குறித்துவைக்கலாம்.

சிட்னியில் அவருடைய பெயருக்கு வேறொரு எடையும் ஏறியது. 2001-க்குப் பிறகு தென்மேற்கு சிட்னியின் லெபனானிய முஸ்லிம்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் குற்றம், அச்சம், கலவரம் என்றே வந்தன. 2005 டிசம்பரில் குரனுல்லா கடற்கரையில் மத்திய கிழக்குத் தோற்றம் கொண்டவர்களைக் கூட்டம் தாக்கியது. அந்த ஆண்டுகளில் தொழுகையையும் நோன்பையும் மறைக்காமல், மது தொடாமல், ஊரறிய ஆடிக்கொண்டிருந்த முஸ்லிம் எல் மஸ்ரி. அவரை 'நல்ல முன்மாதிரி' என்று ஊடகங்கள் திரும்பத் திரும்பப் பாராட்டின.

அந்தப் பாராட்டில் ஒரு குறுகல் இருந்தது. மற்ற விங்கர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று எழுதினார்கள். எல் மஸ்ரியைப் பற்றி எழுதும்போது அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதினார்கள். விளைவு, அவருடைய ஆட்டத்தைப் பற்றிய நுணுக்கமான எழுத்து அவருடைய எண்களின் அளவுக்குக் கிடைப்பதில்லை. பெல்மோர், லக்கெம்பா பையன்களுக்கு அவர் எதைக் குறித்தார் என்பது பெரிய செய்திதான். ஆனால் அந்தப் பையன்கள் முதலில் பார்த்தது ஓரக்கோட்டில் நின்று உதைத்த பந்து வளைந்து கம்பங்களுக்கு நடுவே போனதை.

கடைசிப் பருவம்

2008 புல்டாக்ஸுக்கு மோசமான ஆண்டு. நட்சத்திர வீரர் சோனி பில் வில்லியம்ஸ் பருவத்தின் நடுவிலேயே பிரான்சின் டூலோன் ரக்பி யூனியன் கிளப்புக்குப் போய்விட்டார். அணி கடைசி இடத்தில் முடித்தது. 32 வயதான எல் மஸ்ரி அந்த இடத்தில் விடைபெறாமல் இன்னொரு பருவம் ஆடினார். புதிய பயிற்சியாளர் கெவின் மூரின் கீழ் 2009-ல் அணி இரண்டாம் இடத்துக்கு ஏறியது. ஜான்ஸின் சாதனையை எல் மஸ்ரி கடந்தது அந்தப் பருவத்தின் தொடக்கத்தில்தான்.

இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் புல்டாக்ஸ் பாரமட்டாவைச் சந்தித்தது. 1998-ல் ஹாலிகனின் உதைகளால் எந்த அணி வீழ்ந்ததோ அதே அணி, அதே கட்டம். இரண்டு தென்மேற்கு, மேற்கு சிட்னி அணிகளின் ரசிகர்கள் 74,549 பேர் திரண்டனர். இம்முறை பாரமட்டா 22-12 என வென்றது. எல் மஸ்ரியின் கடைசி ஆட்டம் அது.

பத்தாண்டுகள் கழித்து மொத்தப் புள்ளிச் சாதனை ஸ்மித்திடம் போனது. ஒரு பருவத்தில் 342 என்ற எண்ணை ஸ்மித்தால் எட்ட முடியவில்லை. 2021-ல் மேன்லி அணியின் ரூபன் கேரிக் 334 வரை வந்தார். அவரும் ஓரத்தில் ஆடிக்கொண்டே கோல் உதைப்பவர்.